மூடியைத் திறந்தால் மணக்கிறது, ஏற்றினால் மணக்கவில்லை: வாசனை மெழுகுவர்த்தியில் எங்கே தப்பு?

பெங்களூர் அல்சூரிலிருந்து எழுதியிருக்கிறீர்கள். 2 கிலோ சோயா மெழுகு, ஊதுபத்திக்கு சென்ட் விற்கும் கடையில் வாங்கிய 100 மி.லி. மல்லிகை எண்ணெய், உள்வாய் 7 செ.மீ. அகலமுள்ள 12 கண்ணாடி ஜாடிகள், பாக்கெட்டில் வந்த ஒரே அளவுத் திரி. மூடியைத் திறந்தால் கமகமக்கிறது. மறுநாளே ஏற்றிப் பார்த்தால் ஒன்றுமே இல்லை. திரியைச் சுற்றிக் கிணறு மாதிரிக் குழி விழுந்து சுடர் உள்ளே இறங்கிவிடுகிறது. மேலே உப்புப் பூத்ததுபோல வெள்ளைத் திட்டுகள். டிசம்பரில் விவேக்நகர் குழந்தை இயேசு ஆலயம் பக்கம் வியாழக்கிழமைகளில் மேஜை போட்டு விற்க ஆசை. எண்ணெயை 20 சதவீதமாக ஏற்றலாமா, வேறு கம்பெனி எண்ணெய்க்கு மாறலாமா என்பது உங்கள் கேள்வி. நீங்கள் கேட்டது எண்ணெயைப் பற்றி. ஆனால் நீங்களே எழுதியிருக்கும் அடையாளங்கள் முதலில் திரியைத்தான் காட்டுகின்றன. எண்ணெயிலும் சிக்கல் இருக்கிறது, அதற்கு வருகிறேன். 20 சதவீதம் மட்டும் வேண்டவே வேண்டாம்.

மணம் சுடரிலிருந்து வருவதில்லை. திரி வழியாக மேலே ஏறுகிற மெழுகோடு சேர்ந்து ஏறும் வாசனை எண்ணெய் சுடரில் எரிந்து தீர்ந்துவிடுகிறது. அதனால் அறைக்கு ஒரு பயனும் இல்லை. அறையை நிறைப்பது, சுடரைச் சுற்றி உருகி நிற்கும் மெழுகுக் குளத்தின் மேற்பரப்பிலிருந்து ஆவியாகிப் போகிற எண்ணெய். ஆகவே குளம் எவ்வளவு அகலம், எவ்வளவு சூடு என்பதுதான் மணத்தைத் தீர்மானிக்கிறது. 7 செ.மீ. ஜாடியில் முழுக் குளம் என்றால் சுமார் 38 சதுர செ.மீ. பரப்பு. உங்கள் திரி 3 செ.மீ. கிணறு மட்டும் தோண்டியிருந்தால் 7 சதுர செ.மீ. ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு. இதில் எண்ணெயை நான்கு மடங்காக்கினால் என்ன நடக்கும்? மெழுகால் பிடித்துவைக்க முடியாத எண்ணெய் மேலே வியர்வையாகத் துளிர்க்கும், திரியின் நார்களை அடைக்கும், சுடர் இன்னும் சிறுக்கும், குளம் இன்னும் சுருங்கும். காசைக் கொட்டி மணத்தைக் குறைத்த கதைதான்.

திரியைப் பொறுத்தவரை தூரத்திலிருந்து உங்கள் ஜாடிக்கு இந்த எண் என்று எவராலும் சொல்ல முடியாது. சொல்கிறவர் விற்கிறவராக இருப்பார். ஜாடியின் உள்விட்டம், மெழுகின் வகை, எண்ணெயின் கனம், அதன் சதவீதம் நான்கும் சேர்ந்துதான் திரியின் அளவை முடிவுசெய்கின்றன. நம் ஊர்க் கடைகளில் நூல் எண்ணிக்கையை வைத்து 24 பிளை, 36 பிளை என்று கொடுப்பார்கள்; வெளிநாட்டுத் திரிகளுக்கு வேறு எண்வரிசை. ஒரு கம்பெனியின் எண்ணை இன்னொன்றோடு ஒப்பிட முடியாது. எண்ணே போடாமல் 'கேண்டில் திரி' என்று மட்டும் எழுதிய பாக்கெட்டைத் தொழிலுக்கு வாங்காதீர்கள். அடுத்த முறை அதே திரிதான் வருகிறது என்பதற்கு உத்தரவாதமில்லை. பூஜைக்கு வைக்கும் பஞ்சுத் திரியும் சரிவராது. அது எண்ணெயை உறிஞ்சச் செய்தது. மெழுகில் நிமிர்ந்து நிற்காது, எரிய எரியத் தலை சாய்ந்து தன்னைத்தானே எரித்துக்கொள்ளாது.

செய்ய வேண்டியது இதுதான். ஒரே கம்பெனியில் அடுத்தடுத்த மூன்று அளவுத் திரி வாங்குங்கள். ஒரே நாளில், ஒரே கலவையில், ஒரே மாதிரி ஜாடியில் மூன்று மெழுகுவர்த்தி ஊற்றுங்கள். திரி மட்டும்தான் மாற வேண்டும். அடியில் மாஸ்கிங் டேப் ஒட்டித் தேதியும் திரி எண்ணும் எழுதுங்கள். இரண்டு வாரம் கழித்து திரியை 5 மி.மீ.க்கு வெட்டி, மின்விசிறியை நிறுத்தி, மூன்றையும் ஒரு சாண் இடைவெளியில் வைத்து ஏற்றுங்கள். மணிக்கு ஒருமுறை ஸ்கேல் வைத்துக் குளத்தின் அகலம், ஆழம், சுடரின் உயரம் மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். பொதுவான கணக்கு, விட்டத்தில் இரண்டரை செ.மீ.க்கு ஒரு மணி நேரம். அப்படியென்றால் உங்கள் ஜாடியில் இரண்டரை முதல் மூன்று மணி நேரத்தில் குளம் கண்ணாடியைத் தொட வேண்டும், அல்லது ஓரத்தில் ஒரு மெல்லிய விளிம்பு மட்டும் விட வேண்டும். ஆழம் 6 முதல் 10 மி.மீ. ஒரு மணி நேரத்திலேயே சுவரைத் தொட்டுவிட்டால் சந்தோஷப்படாதீர்கள், திரி பெரிது. சுடர் துள்ளுவது, திரியின் தலையில் காளான் மாதிரிக் கரி திரள்வது, கண்ணாடியின் கழுத்தில் கரி படிவது எல்லாமே பெரிய திரியின் அடையாளங்கள். நான்கு மணி நேரத்தில் அணைத்து, முழுதும் ஆறவிட்டு, மறுபடி வெட்டி, மறுபடி ஏற்றி, ஜாடி தீரும்வரை இப்படியே போக வேண்டும்.

பலர் முதல் நாள் பார்த்துவிட்டு 'ஓகே' என்று விட்டுவிடுகிறார்கள். சோதனையின் உயிர் கடைசி மூன்றிலொரு பாகத்தில் இருக்கிறது. ஜாடியில் மெழுகு இறங்க இறங்கச் சுடரின் சூடு கண்ணாடிக்குள்ளேயே சிறைப்படும். முதலில் கொஞ்சம் சோம்பலாக எரிந்த திரி அடியில் போய்ச் சரியாக எரியும். முதலிலேயே நன்றாக எரிந்த திரி அடியில் போய்க் கண்ணாடியைக் கையால் தொட முடியாதபடி சுட வைக்கும். அதனால் இரண்டு அளவுக்கு நடுவில் தடுமாறினால் சிறியதையே எடுங்கள். ஓரத்தில் தொங்கும் மெழுகைக் கீழே வரும்போது அது பிடித்துக்கொள்ளும். ஜாடி 9 செ.மீ.க்கு மேல் அகலமானால் ஒரே பெரிய திரியைவிட இரண்டு சிறிய திரிகள் நல்லது.

இப்போது எண்ணெய். பெங்களூரும் மைசூரும் ஊதுபத்தி ஊர்கள். சென்ட் கலந்து தரும் கடைகளுக்குப் பஞ்சமில்லை, விலையும் மலிவு. ஆனால் ஊதுபத்திக்கான சென்ட்டைப் பெரும்பாலும் டைஎத்தில் தாலேட் என்னும் திரவத்தில் நீர்த்துத் தருவார்கள். கடைக்காரர் சுருக்கமாக 'டிஇபி' என்பார். குச்சியை அதில் முக்கியெடுக்க அது வசதி. ஆனால் அதற்கென்று மணம் கிடையாது. 100 மி.லி. பாட்டிலில் பாதிக்கு மேல் அதுவே இருந்தால், நீங்கள் 5 சதவீதம் போட்டதாக நினைத்தபோது உள்ளே போன வாசனைப் பொருள் இரண்டரை சதவீதம்கூட இருக்காது. மூடியைத் திறந்ததும் தூக்குகிற மணத்தை வைத்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. அறைச் சூட்டிலேயே பறக்கிற இலேசான பொருள்கள் முதலில் மூக்கைத் தொட்டுவிடும். அத்தரிலும் ரோல்-ஆனிலும் வேறு தொல்லை. டைபுரொப்பிலீன் கிளைக்கால் என்னும் திரவத்தில் கரைத்தது மெழுகோடு சேராமல் அடியில் தங்கும். ஸ்ப்ரே சென்ட்டில் ஆல்கஹால் இருக்கிறது, சூடான மெழுகின் பக்கமே கொண்டுபோகக் கூடாது.

கடையில் கேட்க வேண்டிய கேள்வி மூன்று. மெழுகுவர்த்திக்கென்று செய்ததா? நீர்க்காத எண்ணெயா, நீர்த்திருந்தால் எதில்? இஃப்ரா சான்றிதழும் பாதுகாப்புத் தகவல் தாளும் தருவீர்களா? இஃப்ரா என்பது வாசனைப் பொருள் துறையின் சர்வதேச அமைப்பு; அதன் பட்டியலில் மெழுகுவர்த்தி 12ஆம் பிரிவில் வரும், அந்த வரியில் எத்தனை சதவீதம் வரை போடலாம் என்று இருக்கும். சான்றிதழ் தராத கடையில் வீட்டுக்கு வேண்டுமானால் வாங்கலாம், விற்பனைக்கு வாங்காதீர்கள். வாங்கிவந்த பிறகு வீட்டில் ஒரு சின்ன சோதனை: 100 கிராம் மெழுகை 80 டிகிரிக்கு உருக்கி 8 கிராம் எண்ணெய் கலந்து, கண்ணாடி டம்ளரில் ஊற்றி, உறையும்வரை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். அடியில் முத்து முத்தாகத் துளி இறங்கினாலோ, உறைந்தபின் மேலே ஈரம் பூத்தாலோ அந்த எண்ணெய் அந்த மெழுகுக்கு ஆகாது.

'இயற்கை மல்லிகை எண்ணெய்' என்று எழுதியிருந்தது என்கிறீர்கள். மல்லிகைப் பூவை ஆவியில் வடிப்பதில்லை. கரைப்பானில் ஊறவைத்து எடுக்கும் அப்ஸொல்யூட் வகைதான் உண்மையான மல்லிகைச் சாறு. ஒரு கிலோ அப்ஸொல்யூட்டுக்கு நூற்றுக்கணக்கான கிலோ பூ வேண்டும். 100 மி.லி. சில நூறு ரூபாய்க்குக் கிடைத்தது என்றால் அது செயற்கைக் கலவை. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, மெழுகுவர்த்திக்கு அதுதான் பொருத்தமும்கூட. லேபிளில் மட்டும் 'இயற்கை' என்று போடாதீர்கள். 'மதுரை மல்லி' என்றும் போடாதீர்கள். 2013இலிருந்து அது புவிசார் குறியீடு பெற்ற பெயர். 'மல்லிகை மணம்' என்றாலே வாங்குகிறவருக்குப் புரியும். இன்னொன்று: மல்லிகை வாசனைக்கு உயிர் கொடுக்கும் இண்டோல் நாள்பட மெழுகை மஞ்சளாக்கும், வெனிலா எண்ணெயிலுள்ள வெனிலின் பழுப்பாக்கும். கெட்டுப்போய்விட்டது என்று வாடிக்கையாளர் நினைக்காதிருக்க, இந்த இரண்டு மணத்துக்கும் நிறக் கண்ணாடி ஜாடி எடுத்துக்கொள்ளுங்கள்.

அளவெல்லாம் எடையில்தான், மி.லி.யில் அல்ல. எலுமிச்சை வகை எண்ணெய் தண்ணீரைவிட இலேசு, வெனிலா வகை கனம். ஒரே 10 மி.லி. இரண்டிலும் வேறு வேறு எடை. 0.1 கிராம் காட்டும் சின்ன எலக்ட்ரானிக் தராசு போதும். முதல் சோதனைக்கு சோயாவில் மெழுகின் எடையில் 8 சதவீதம் வையுங்கள். ஜாடியில் எங்கே வரை ஊற்றுவீர்களோ அதுவரை தண்ணீர் ஊற்றி எடைபோடுங்கள். 200 கிராம் தண்ணீர் என்றால் உருகிய மெழுகு அதில் சுமார் 172 கிராம் பிடிக்கும். அதை 1.08ஆல் வகுத்தால் மெழுகு 159 கிராம், எண்ணெய் 12.7 கிராம். மெழுகு விற்கும் கம்பெனி 'அதிகபட்சம் 10 சதவீதம்' என்று போட்டிருந்தால் அது மெழுகால் தாங்க முடிந்த வரம்பு. அதையே குறியாக வைத்துக்கொள்ள வேண்டியதில்லை. நல்ல எண்ணெய் 6 சதவீதத்திலேயே அறையை நிறைக்கும்.

உருக்குவதற்கு கேஸ் அடுப்பில் நேராகப் பாத்திரம் வைக்காதீர்கள். தண்ணீருக்குள் வைக்கும் ஸ்டீல் அல்லது அலுமினிய ஜக், அடியில் இண்டக்‌ஷன் அடுப்பு. பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால் இங்கே தண்ணீர் 97 டிகிரியிலேயே கொதித்துவிடும். சென்னையில் எடுத்த வீடியோவில் சொல்கிற நிமிடக் கணக்கு இங்கே கொஞ்சம் பிந்தும், அவ்வளவுதான். நேரத்தை நம்பாமல் தெர்மாமீட்டரை நம்புங்கள். 80 முதல் 85 டிகிரி வந்ததும் அடுப்பை அணைத்து, எண்ணெயை ஊற்றி, இரண்டு நிமிடம் மெதுவாகக் கலக்குங்கள். முட்டை அடிப்பதுபோல அடித்தால் காற்றுப் புகும். ஜக்கைத் தண்ணீரிலிருந்து தூக்கியதும் அடிப்பக்கத்தைத் துணியால் துடைப்பதை மறக்காதீர்கள். அங்கிருந்து சொட்டுகிற ஒரு துளி ஜாடிக்குள் விழுந்தால் போதும், எரியும்போது சட் சட்டென்று வெடித்துச் சுடர் துடிக்கும். ஆளுக்கு ஆள் திரியைக் குறைசொல்லிக்கொண்டிருப்பார்கள். ஜாடிகளை முன்பே துடைத்து, கைக்கு வெதுவெதுப்பாக வைத்திருங்கள். திரியின் அடித்தகட்டை ஸ்டிக்கரால் நடுமையத்தில் ஒட்டி, மேலே ஐஸ்கிரீம் குச்சியில் ஓட்டைபோட்டு நிமிர்த்திப் பிடியுங்கள். மையம் 5 மி.மீ. தவறினாலும் ஒரு பக்கக் கண்ணாடி சுடும், மறுபக்கம் உருகாது. கலவை 60 டிகிரி சுமாருக்கு இறங்கியதும் மெல்ல ஊற்றுங்கள்.

எண்ணெயை எந்தச் சூட்டில் கலப்பது என்பதில் நிறையக் குழப்பம் உலவுகிறது. பாட்டிலில் 'ஃப்ளாஷ் பாயிண்ட் 65 டிகிரி' என்றிருந்தால் அதற்குமேல் ஊற்றினால் மணமெல்லாம் பறந்துவிடும் என்கிறார்கள். தவறு. ஃப்ளாஷ் பாயிண்ட் என்பது பக்கத்தில் நெருப்பிருந்தால் அந்த எண்ணெயின் ஆவி பற்றிக்கொள்ளும் சூடு. பாதுகாப்புக்கும் சரக்கு அனுப்புவதற்கும் உரிய எண். ஆவியாகும் சூடு அல்ல. அடுப்பை அணைத்த பிறகு ஊற்றச் சொல்வது அதனால்தான். 85 டிகிரியில் கலந்து இரண்டு நிமிடத்தில் முடித்தால் இழப்பு சொற்பம்; அதே சூட்டில் அரை மணி நேரம் அடுப்பிலேயே வைத்திருந்தால் உண்மையாகவே மணம் போகும். 'முதல் தடவை முழுக் குளம் வரும்வரை எரிக்காவிட்டால் மெழுகு அதை நினைவில் வைத்துக்கொள்ளும்' என்பது பாதி உண்மை. குழி விழுந்தால் அதன் சுவர் அடுத்தமுறையும் தொடரப் பார்க்கும். ஆனால் சரியான திரி இரண்டாம் மூன்றாம் முறையில் அதைச் சமன்செய்துவிடும். ஒருபோதும் சமனாகவில்லை என்றால் தப்பு வாடிக்கையாளர் மேல் இல்லை.

ஊறவைப்பது பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் நீங்கள் மறுநாளே ஏற்றியிருக்கிறீர்கள். சோயா மெழுகு என்பது ஹைட்ரஜன் ஏற்றிக் கெட்டியாக்கிய சோயா எண்ணெய். உறைந்த பிறகும் பல நாள் அதன் படிக அமைப்பு மாறிக்கொண்டே இருக்கும். மூடிபோட்டு இருட்டில் 10 முதல் 14 நாள் வைத்தால் ஏற்றும்போது மணம் கூடுகிறது. இது செய்கிறவர்கள் எல்லோரும் கண்டது. எண்ணெய் மெழுகோடு 'பிணைகிறது' என்று அதற்குச் சொல்லப்படும் விளக்கத்தை மட்டும் அப்படியே நம்ப வேண்டியதில்லை. எல்லா எண்ணெய்க்கும் ஒரே அளவு கூடுவதுமில்லை. ஒரே கலவையில் மூன்று ஜாடி ஊற்றி 3ஆம் நாள், 7ஆம் நாள், 14ஆம் நாள் ஏற்றிப் பார்த்தால் உங்கள் எண்ணெய்க்கு எத்தனை நாள் என்று தெரிந்துவிடும். பெட்ரோலிய மெழுகான பாரஃபினுக்கு இரண்டு மூன்று நாள் போதும்.

மணத்தைச் சோதிக்கும் முறையிலும் ஏமாறலாம். பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும் மூக்கு பத்து நிமிடத்தில் களைத்துவிடும். 10க்கு 10 அறையில் ஏற்றிவைத்து, கதவைச் சாத்தி, வெளியே போய் அரை மணி நேரம் கழித்து உள்ளே நுழையும் அந்த முதல் மூச்சுதான் கணக்கு. காலையிலிருந்து அந்த எண்ணெயைத் தொடாத இன்னொருவர் மூக்கையும் கடன் வாங்குங்கள்.

வெள்ளைத் திட்டு சோயாவின் இயல்பு. படிகம் மாறும்போது பனி பூத்ததுபோல வரும். எரிவதையோ மணத்தையோ அது தொடாது. நிறம் போட்டால் நன்றாகத் தெரியும், வெள்ளையாகவே விட்டால் கண்ணுக்குப் படாது. டிசம்பர் இரவில் பெங்களூரில் 15, 16 டிகிரிக்கு இறங்கும். மாலையில் ஊற்றி ஜன்னலோரம் வைத்த ஜாடியில் இது அதிகம். காலையில் ஊற்றுங்கள், ஜாடிக்கு ஜாடி நான்கு விரல் இடைவெளி விடுங்கள், மேலே அட்டைப்பெட்டியைக் கவிழ்த்து மெல்ல ஆறவிடுங்கள். கண்ணாடிக்கும் மெழுகுக்கும் நடுவே ஈரத்திட்டு மாதிரித் தெரிவது மெழுகு சுருங்கிக் கண்ணாடியை விட்டு விலகிய இடம். ஜாடியைச் சூடாக்கி ஊற்றினால் குறையும், அறவே போகாது. திரியோரம் விழும் பள்ளத்துக்கு, சூடான காற்று ஊதும் ஹீட் கன்னால் மேற்பரப்பை ஒருமுறை உருக்கிவிட்டால் போதும். உள்ளே பொந்து இருக்கிறதா என்று உறையும்போதே குச்சியால் குத்திப் பார்ப்பது நல்லது, முக்கியமாகப் பாரஃபினில். அது அதிகம் சுருங்கும், இரண்டாம் முறை ஊற்ற வேண்டிவரும்.

சோயாதான் நல்லது, பாரஃபின் நஞ்சு என்று விற்பனைக்காரர்கள் சொல்வதை லேபிளில் திருப்பிச் சொல்லாதீர்கள். கரிப்புகை முழுதாக எரியாததால் வருவது. பெரிய திரி போட்ட சோயாவும் கரி கக்கும். சோயா மென்மையானது, ஜாடிக்குப் பொருத்தம், கழுவச் சுலபம். அதன் குறை சூடு: ஜாடிக்கென்று வரும் சோயா பெரும்பாலும் 50 டிகிரி சுற்றுவட்டாரத்திலேயே உருகிவிடும். மே மாதம் சென்னைக்குப் பார்சல் போட்டால் வண்டிக்குள்ளேயே இளகிப்போகும். பூ, லட்டு வடிவ அச்சுகளுக்கும் அந்த மெழுகு ஆகாது. அதற்குக் கெட்டி மெழுகு வேறு.

படத்துக்கு அழகாக இருக்கிறதென்று மேலே காய்ந்த ரோஜா இதழ், பட்டை, அன்னாசிப்பூ வைக்கிறார்கள். சுடர் எட்டிய அடுத்த நொடி அவை ஒவ்வொன்றும் தனித் திரி. விற்கும் பொருளில் வேண்டாம், பரிசுப்பெட்டியில் பக்கத்தில் வையுங்கள். கிரேயான், உணவு நிறம் இரண்டும் திரியை அடைக்கும் அல்லது கலக்கவே கலக்காது. மண் அகலில் ஊற்றினால் மண் மெழுகை உறிஞ்சிக் கசியும், உள்பூச்சு வேண்டும். தேங்காய்ச் சிரட்டை தானே எரியக்கூடியது. மெல்லிய ஜூஸ் கிளாஸ், விரிசல் ஓடிய கண்ணாடி எதுவும் கூடாது. ஜக்கில் மெழுகு பற்றிக்கொண்டால் தண்ணீர் ஊற்றாதீர்கள், எண்ணெய்த் தீ போல வெடித்துப் பரவும். அடுப்பை அணைத்துத் தட்டத்தால் மூடுங்கள். அந்தத் தட்டத்தை ஊற்ற ஆரம்பிக்கும் முன்பே பக்கத்தில் வைத்திருங்கள்.

விலையைப் பொறுத்தவரை உங்கள் பில்லில் உள்ள எண்களைப் போட்டுக்கொள்ளுங்கள். கணக்கு போடும் விதம் இப்படி. மெழுகு கிலோ 300, எண்ணெய் கிலோ 2,500 என்று வைத்தால் ஒரு ஜாடிக்கு மெழுகு 48 ரூபாய், எண்ணெய் 32. மூடியோடு ஜாடி 60, திரியும் ஸ்டிக்கரும் 6, லேபிள் 5, பெட்டி 25. ஆக 176. உடைவுக்கும் சோதனைக்கும் பத்து சதவீதம் சேர்த்தால் 194. 12 ஜாடிக்கு மூன்று மணி நேரம், மணிக்கு 120 ரூபாய் கூலி என்றால் ஜாடிக்கு 30; மொத்தம் 224. இதை 450 ரூபாய்க்கு ஒரு கடையில் வைத்து அவர்கள் 35 சதவீதம் எடுத்துக்கொண்டால் உங்கள் கைக்கு வருவது 292. மீதி 68 ரூபாயில் கரண்டும் ஆட்டோவும் போக வேண்டும். உங்கள் கூலியைக் கணக்கில் எழுதாமல் 250க்கு விற்கிறவரோடு போட்டிபோடாதீர்கள். கோயில் வாசலில் விலை பார்த்து வாங்குகிற கூட்டத்துக்கு இதே மெழுகில் 60 கிராம் தகர டப்பா தனியாக வைக்கலாம். அதற்கும் தனித் திரிச் சோதனை உண்டு.

பெட்டியில் போட்டு விற்றால் 2011ஆம் ஆண்டின் பொதிப் பொருள் விதிகள்படி பெயர், முகவரி, பொருளின் பெயர், நிகர எடை, தயாரித்த மாதமும் ஆண்டும், எல்லா வரியும் சேர்த்த எம்ஆர்பி, கிராம் கணக்கில் விலை, புகாருக்குத் தொடர்பு எண் எல்லாம் இருக்க வேண்டும். அதோடு எச்சரிக்கை நான்கு வரி: ஒருமுறைக்கு நான்கு மணி நேரத்துக்கு மேல் எரிக்காதீர்கள், திரியை 5 மி.மீ.க்கு வெட்டுங்கள், அடியில் 1 செ.மீ. மெழுகு இருக்கும்போதே நிறுத்துங்கள்; ஆளில்லாத அறையில் எரியவிடாதீர்கள். கர்நாடகத்துக்குள் பொருள் மட்டும் விற்பவருக்கு ஆண்டு விற்பனை 40 லட்சம் ரூபாய் தாண்டும்வரை ஜிஎஸ்டி பதிவு கட்டாயமில்லை. ஓசூருக்கோ சென்னைக்கோ பார்சல் அனுப்ப ஆரம்பித்தால் கணக்கு மாறும், அதற்குமுன் ஆடிட்டரிடம் உட்காருங்கள். ஜிஎஸ்டியில் மெழுகுவர்த்திக்கான பொருள் வகை எண் (எச்எஸ்என்) 3406. சிறுதொழிலுக்கான உத்யம் பதிவு இலவசம், தரகருக்குக் காசு கொடுக்காதீர்கள்.

டிசம்பர் முதல் வியாழனுக்குச் சரக்கு வேண்டுமென்றால் பின்னோக்கி எண்ணுங்கள். நவம்பர் நடுவில் விற்பனைச் சரக்கை ஊற்றி முடித்திருக்க வேண்டும், ஊற இரண்டு வாரம். அதற்குமுன் திரிச் சோதனை எரிந்து தீர, நாளுக்கு நான்கு மணி நேரம் என்றால் ஒன்றரை வாரம். அதன் ஊறலுக்கு இரண்டு வாரம். முதல் சுற்றில் திரி அமையாவிட்டால் இன்னொரு சுற்று. செப்டம்பரிலேயே ஒரே ஒரு மணம், ஒரே ஒரு ஜாடி என்று ஆரம்பித்தால்தான் இடமிருக்கும். எண்ணெயை மாற்றினால் திரிச் சோதனை மறுபடி முதலிலிருந்து. ஆறு மணத்தோடு ஆரம்பிக்கிறவர்கள் எதையும் சோதிக்காமல் விற்பது இதனால்தான்.

கையிலிருக்கும் 12 ஜாடியை விற்காதீர்கள். நான்கில் மட்டும் பழைய திரியைப் பிடுங்கி, ஜாடியை வெந்நீரில் நிறுத்தி மெழுகை உருக்கி, அதே மெழுகில் இரண்டு அளவு பெரிய திரி வைத்து மறுபடி ஊற்றிப் பாருங்கள். குளம் முழுதாக வந்தும் மணம் வராவிட்டால் எண்ணெயின் மேல் சந்தேகம் உறுதியாகிவிடும். மீதி எட்டையும் உருக்கிச் சின்ன கட்டிகளாக வார்த்து அலமாரியில் துணிகளுக்கு நடுவே காகிதத்தில் சுற்றி வையுங்கள். ஏற்றாமலே மணக்கிற எண்ணெய்க்கு அதுதான் சரியான இடம். ஜாடிகளைக் கழுவும்முன் சூடாக இருக்கும்போதே டிஷ்யூ காகிதத்தால் துடைத்துக் குப்பையில் போடுங்கள். சிங்க்கில் ஊற்றினால் குழாய்க்குள் போய் உறைந்துவிடும்.